ஒரு மின் நிலையத்துக்கு மூன்று கேள்விகள்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒருமுறையேனும் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிகள். அவற்றின் அடியில் இருப்பதுதான் தூத்துக்குடி அனல் மின் நிலையம். அதன் முதல் அலகு 1979-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டுக்குள் ஐந்து அலகுகள் அமைந்துவிட்டன. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். மொத்தம் 1,050 மெகாவாட். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிதான் அதன் எரிபொருள்.

இதே ஊருக்கு 2021-ஆம் ஆண்டு வேறோர் எரிபொருள் குழாய் வழியே வந்து சேர்ந்தது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட இயற்கை வாயுக் குழாய், அவ்வாண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை நாஃப்தாவிலிருந்து உரம் செய்துவந்த ஸ்பிக் தொழிற்சாலை வாயுவுக்கு மாறியது.

"வாயுதான் வந்துவிட்டதே, அதைக் கொண்டு மின்சாரமும் உண்டாக்கலாமே!" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான யோசனைதான். ஆனால், ஒரு நிறுவனம் இந்தக் கரையில் எரிவாயு மின் நிலையம் கட்ட விரும்பினால் அது யாருடைய சம்மதத்தைப் பெற வேண்டும்? அவர்கள் எதைப் பார்த்துச் சம்மதிப்பார்கள்?

இத்தகைய விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. ஆனால் அந்தக் கட்டைப் பிரித்துப் படித்தால், எல்லாப் பக்கங்களும் மூன்றே கேள்விகளைச் சுற்றி வருவது தெரியும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் செலவாகும்? மின்சாரமாக மாறாத மீதி வெப்பம் எங்கே போகும்? எரிபொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும்? இம்மூன்றுக்கும் விடை காண, உங்கள் பள்ளி இயற்பியலும் பெருக்கல் வகுத்தலும் போதும்.

யாரிடம் அனுமதி?

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன்படி, நிலக்கரியாலோ வாயுவாலோ இயங்கும் மின் நிலையத்தைக் கட்ட உரிமம் எதுவும் வேண்டியதில்லை. மின் கட்டமைப்போடு இணைவதற்கான தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட்டால் போதும்.

அப்படியானால் கட்டுப்பாடே இல்லையா? இருக்கிறது. உற்பத்தியான மின்சாரத்தை நம் வீடுகளுக்குத் தரும் பகிர்மான நிறுவனம் வாங்க வேண்டுமானால், அந்த ஒப்பந்தத்துக்கும் விலைக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். வாங்க ஆள் இல்லாத சரக்கை யார் உற்பத்தி செய்வார்கள்? ஆகவே கடிவாளம் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பழைய மின்சார வாரியத்தின் வழிவந்த நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, உற்பத்திக்கு ஒரு கழகமும் பகிர்மானத்துக்கு ஒரு கழகமும் என்று ஆனது. அரசுக் கழகமாயினும் தனியார் நிறுவனமாயினும், விலை நிர்ணயத்துக்கு ஆணையத்தின் முன்தான் நிற்க வேண்டும்.

விலை நிர்ணயத்துக்கான விண்ணப்பத்தின் சுருக்கத்தை நிறுவனம் வெளியிட வேண்டும் என்றும், பொதுமக்கள் தெரிவிக்கும் யோசனைகளையும் மறுப்புகளையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்றும், 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தின் 64-ஆம் பிரிவு கூறுகிறது. பொதுமக்கள் என்றால் உங்கள் வீட்டாரும் என் வீட்டாரும்தான்.

இது தவிர, சுற்றுச்சூழல் அனுமதி தனியே வேண்டும். 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அதில் ஒரு கட்டம். நீர், காற்று ஆகியவற்றின் மாசு தடுப்புக்கான 1974, 1981-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். கடற்கரை என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் சேரும்.

முதல் கேள்வி: எவ்வளவு வெப்பம்?

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. விநாடிக்கு 1,000 ஜூல் வீதம் 3,600 விநாடிகள். அதாவது 36 லட்சம் ஜூல். ஒரு கிலோ கலோரி என்பது 4,186 ஜூல். வகுத்துப் பாருங்கள்: 860 வருகிறது. ஆக, வெப்பத்தைச் சிறிதும் வீணாக்காமல் முழுவதையும் மின்சாரமாக மாற்ற முடிந்தால், ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி போதும். இந்த 860 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் அது நடப்பதில்லை. தூத்துக்குடியில் உள்ளவை போன்ற 210 மெகாவாட் நிலக்கரி அலகுகளுக்கு, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009-ஆம் ஆண்டு விதிகளில் வகுத்த அளவு ஒரு யூனிட்டுக்கு 2,500 கிலோ கலோரி. பொறியாளர்கள் இதை 'ஹீட் ரேட்' என்பார்கள். நாம் வெப்ப வீதம் என்போம். 860-ஐ 2,500-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 34.4. இதுதான் அந்த அலகின் திறன். நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது.

இது பொறியாளர்களின் அலட்சியத்தால் வந்ததா? இல்லை. 1824-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு இளைஞர் சாடி கார்னோ இதற்கு வரம்பு உண்டென்று காட்டிவிட்டார். வெப்ப எந்திரம் எதுவும் சூடான ஓரிடத்தில் வெப்பத்தை வாங்கி, அதில் ஒரு பகுதியைக் குளிர்ந்த ஓரிடத்தில் விட்டே ஆக வேண்டும். நீராவியின் வெப்பநிலை 535 டிகிரி செல்சியஸ், கடல் நீர் 30 டிகிரி என்று கொள்வோம். கெல்வின் அளவில் இவை 808, 303. கார்னோ வரம்பு: ஒன்றிலிருந்து 303/808-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது நூற்றுக்கு 62.5. இதுவே கற்பனை எந்திரத்தின் உச்சம். உராய்வு, புகைபோக்கி வழியே போகும் வெப்பம் என்று கழித்துக்கொண்டே போனால் 34-க்கு வந்துவிடுகிறோம்.

இந்த வெப்ப வீதத்துக்கு ஆணையம் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறது? 1,050 மெகாவாட் நிலையம் ஓராண்டில் தன் முழு அளவில் நூற்றுக்கு 80 பங்கு ஓடுவதாகக் கொண்டால், சுமார் 736 கோடி யூனிட் உற்பத்தியாகும். வெப்ப வீதம் 2,500-க்குப் பதில் 2,600 ஆகிவிட்டது என்று வையுங்கள். யூனிட்டுக்கு 100 கிலோ கலோரிதானே என்று தோன்றும். ஆனால் கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி தரும் நம் நாட்டு நிலக்கரியில் அது ஆண்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் டன்! 50,000 டன் ஏற்றிய கப்பல்கள் நான்கு வந்தாலும் போதாது.

அதனால்தான் ஆணையம் ஓர் அளவை முன்கூட்டியே விதித்துவிடுகிறது. அதற்கு மேல் எரித்தால், அந்தச் செலவை நிறுவனம் தானே ஏற்க வேண்டும்; நம் கட்டணத்தில் சேர்க்க முடியாது.

ஒரு நெருப்பில் இரண்டு எந்திரங்கள்

எரிவாயு நிலையம் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது? வாயுவை நேராக ஓர் எந்திரத்துக்குள்ளேயே எரிக்கலாம். காற்றை அழுத்தி, அதில் வாயுவைக் கொளுத்தி, 1,200 டிகிரிக்கும் மேலான சூட்டில் பீறிட்டு வரும் வெப்பக் காற்றைக் கொண்டு டர்பைனைச் சுழற்றுகிறார்கள். விமானத்தின் ஜெட் எந்திரத்துக்கு இது நெருங்கிய உறவு. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் 1939-ஆம் ஆண்டு மின் உற்பத்திக்கென முதன்முதலாக அமைக்கப்பட்ட இத்தகைய டர்பைன் வெறும் 4 மெகாவாட்தான். அதன் திறன் நூற்றுக்கு 18-ஐக்கூட எட்டவில்லை.

டர்பைனை விட்டு வெளியேறும் காற்று அப்போதும் 500 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை வானத்தில் விடுவானேன்? அதைக் கொண்டு ஒரு கொதிகலனில் நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுழற்றலாமே! வடித்த கஞ்சியையும் வீணாக்காத வீட்டைப் போன்றது இந்த ஏற்பாடு. இதற்குக் கூட்டுச் சுழற்சி என்று பெயர்.

இதைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. இதே கரையில், இராமநாதபுரத்துக்கு அருகே வழுதூரில், அந்த மாவட்டத்திலேயே நிலத்துக்கடியிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு இரண்டு கூட்டுச் சுழற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2003-ஆம் ஆண்டு நிறைவடைந்த முதல் நிலையத்தில் வாயு டர்பைன் 60 மெகாவாட், நீராவி டர்பைன் 35 மெகாவாட். 2009-ஆம் ஆண்டு நிறைவடைந்த இரண்டாவதில் அவை 59.8, 32.4. இரண்டும் சேர்ந்து 187.2 மெகாவாட். அந்த 35 மெகாவாட்டும் 32.4 மெகாவாட்டும் கூடுதலாக ஒரு பிடி எரிபொருள்கூட இல்லாமல் கிடைப்பவை என்பதைக் கவனியுங்கள்.

நம் கணக்குக்கு, ஒரு கூட்டுச் சுழற்சி நிலையத்தின் வெப்ப வீதம் 1,850 கிலோ கலோரி என்று கொள்வோம். 860-ஐ 1,850-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 46.5. பெரிய நவீன நிலையங்கள் இதையும் கடந்துவிட்டன. பிரான்சில் பூஷேன் என்னுமிடத்தில் 2016-ஆம் ஆண்டு ஒரு நிலையம் நூற்றுக்கு 62-ஐத் தாண்டியது. முதல் கேள்வியில் வாயு நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டது.

இரண்டாம் கேள்வி: மீதி வெப்பம் எங்கே?

நிலக்கரி அலகுக்கே மறுபடி வருவோம். 100 பங்கு வெப்பத்தில் 34 பங்கு மின்சாரமாயிற்று. சுமார் 15 பங்கு புகைபோக்கி முதலிய வழிகளில் போயிற்று. ஏறக்குறைய 50 பங்கு எங்கே? டர்பைனில் வேலை செய்து முடித்த நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சர் என்ற கலத்தில், கடல் நீர் அதை வாங்கிக்கொள்கிறது. பின்பு அந்த நீர் கடலுக்கே திரும்புகிறது.

அது எவ்வளவு நீர்? ஐந்து அலகுகளும் முழுச் சுமையில் ஓடினால், கடலுக்குப் போகும் வெப்பம் சுமார் 1,500 மெகாவாட். கடலோர மின் நிலையங்கள் வெளிவிடும் நீரால், அதை ஏற்கும் கடலின் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்று நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதி சொல்கிறது. 7 டிகிரி மட்டுமே சூடேற வேண்டுமானால், விநாடிக்கு சுமார் 55 டன் நீர் ஓட வேண்டும். தெருவில் வரும் பெரிய தண்ணீர் லாரிகள் ஐந்தின் கொள்ளளவு, ஒவ்வொரு விநாடியும்!

இந்தக் கடல் எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். சங்க காலத்திலேயே கொற்கை முத்துக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடா இது. கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளை இங்கே 'பார்' என்பார்கள். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் போதிய சிப்பிகள் இல்லாமற்போயின. ஆயினும் அதே கரையில், வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1973-ஆம் ஆண்டு வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-ஆம் ஆண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

சூடான நீரால் சிப்பிக்கு என்ன? நீர் சூடாகச் சூடாக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான். கடல் நீரில் இரண்டு அளவுகளும் இன்னும் குறைவு. அதே சமயம், உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாத கடலுயிர்களுக்குச் சூடு கூடினால் சுவாசத் தேவையும் கூடும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலை அது! மீன் என்றால் நீந்தித் தப்பிவிடும். சிப்பியோ நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு ஒரே இடத்தில் வாழ்வது. அதன் இளம் உயிரிகள் மூன்று வாரம்போல நீரோட்டத்தில் மிதந்து திரியும். நிலையம் உறிஞ்சும் நீரோடு அவை உள்ளே போய்விட்டால் திரும்புவது அரிது.

ஆகவே, எவ்வளவு வெப்பம் கடலுக்குப் போகும் என்ற கேள்விக்கு இங்கே தனி எடை உண்டு. வாயு நிலையத்தில் 100 பங்கு வெப்பத்தில் 47 பங்கு மின்சாரமாகிறது. கண்டென்சர் வழியே போவது சுமார் 33 பங்கு. ஒரு யூனிட்டுக்குக் கணக்கிட்டால், நிலக்கரி நிலையம் கடலில் விடுவது 1,250 கிலோ கலோரி. வாயு நிலையம் விடுவது சுமார் 610. ஏறத்தாழப் பாதி.

கடலைச் சூடாக்கும் இன்னொரு வழியும் உண்டு, அது புகைபோக்கி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அதனால் ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. இயற்கை வாயுவின் பெரும் பகுதி மீத்தேன். ஒரு மோல், அதாவது 16 கிராம் மீத்தேன் எரிந்தால், 213 கிலோ கலோரி வெப்பமும் 44 கிராம் கரியமில வாயுவும் வரும். 1,850 கிலோ கலோரிக்கு நீங்களே கணக்கிடுங்கள்: சுமார் 380 கிராம். சாம்பலும் இல்லை. ஐந்து அலகுகளும் ஒரு நாள் முழுவதும் ஓடினால் எரியும் நிலக்கரி 18,000 டன். நூற்றுக்கு 35 பங்கு சாம்பல் என்றால் 6,300 டன் சாம்பல் சேரும்.

இதற்காக வாயுவைக் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. எரியாமல் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிணற்றிலும் குழாயிலும் கசிவு மிகுந்தால், புகைபோக்கியில் மிச்சப்படுத்தியது அங்கே தொலைந்துபோகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் அளவுமீறிச் சூடானதால் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வெளுத்துப்போயின. எந்த ஒரு நிலையத்தின் கழிவுநீரும் செய்த வேலையன்று அது. உலகம் முழுவதிலும் உள்ள புகைபோக்கிகளின் கூட்டு வேலை அதில் இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: வாயு எங்கிருந்து, என்ன விலைக்கு?

முதல் இரண்டு கேள்விகளிலும் தேறிய வாயு, இந்த மூன்றாவதில்தான் தடுமாறுகிறது. வழுதூர் போன்ற சிறு நிலையங்களுக்கு உள்ளூர் வாயு உதவுகிறது. பெரிய நிலையம் என்றால் இறக்குமதியை நாட நேரும். மீத்தேனை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கன அளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படித்தான் அதைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முனையம் இத்தகைய திரவ வாயுவை இறக்கி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறது.

உலகச் சந்தையில் வாயுவை எடையாலோ கன அளவாலோ விற்பதில்லை, வெப்பத்தால் விற்கிறார்கள். அளவு பத்து லட்சம் பி.டி.யு. நம் கணக்கில் அது 2,52,000 கிலோ கலோரி. 1,850-ஆல் வகுத்தால் 136 யூனிட். ஆக, பத்து லட்சம் பி.டி.யு. வாயுவின் விலையை 136-ஆல் வகுத்தால், ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு தெரிந்துவிடும்.

2020-ஆம் ஆண்டு, கொரோனாக் காலத்தில், ஆசியச் சந்தையில் உடனடிக் கொள்முதலுக்கான திரவ வாயுவின் விலை 2 டாலர் அளவுக்கு இறங்கியது. 2022-ஆம் ஆண்டு, உக்ரைன் போருக்குப் பின், அதே வாயு 50 டாலருக்கு மேல் ஏறியது. டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்னதில் யூனிட்டுக்கு எரிபொருள் செலவு 1 ரூபாய் 18 காசு. பின்னதில் 29 ரூபாய்! வாயுவாக்கும் கூலியும் குழாய் வாடகையும் இதில் சேரவில்லை. நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கினால் இவ்வளவு ஆட்டம் இராது. ஆயினும் ஆட்டம் இல்லாமற்போகாது.

இப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வெப்ப வீதம் கூடினால் நட்டம் நிறுவனத்துக்கு என்று பார்த்தோம். எரிபொருள் விலை கூடினால்? அது பெரும்பாலும் கட்டணத்தின் வழியே நம்மிடம் வந்து சேரும். எந்திரத்தின் பொறுப்பு நிறுவனத்துக்கு; சந்தையின் பொறுப்பு நமக்கு.

மேலும், மின்சாரத்தின் விலை இரண்டு பகுதிகளைக் கொண்டது. கட்டடம், எந்திரம், கடனுக்கான வட்டி ஆகியவற்றுக்கு நிலைக் கட்டணம்; எரிபொருளுக்கு மாறும் கட்டணம். நிலையம் ஓடத் தயாராக இருந்தால், நாம் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு. நூற்றுக்கு 85 பங்கு ஓடினால் யூனிட்டுக்கு ஒரு ரூபாயாக விழும் நிலைக் கட்டணம், 17 பங்கே ஓடினால் ஐந்து ரூபாயாகிவிடும். வாயு விலை ஏறினால் நிலையத்தை ஓட்ட மாட்டார்கள். ஓட்டாவிட்டால் ஒவ்வொரு யூனிட்டும் இன்னும் கனக்கும்.

இது வெறும் கற்பனையன்று. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2009-ஆம் ஆண்டு வாயு எடுக்கத் தொடங்கியபோது, அதை நம்பிப் பல மின் நிலையங்கள் கட்டப்பட்டன. 2010-க்குப் பின் வாயு வரத்து வேகமாகக் குறைந்தது. நிலையங்கள் வாயுவின்றி நின்றன. நாட்டில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் கட்டப்பட்டிருந்தும், அண்மை ஆண்டுகளில் அவை தம் திறனில் கால் பங்குகூட ஓடவில்லை. வளைகுடாவுக்கு அப்பால் இலங்கையில், கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் 2010-ஆம் ஆண்டு நிறைவடைந்த 300 மெகாவாட் நிலையம், வாயுவுக்கு மாறத்தக்கதாகவே அமைக்கப்பட்டது. வாயு வராததால் எண்ணெயிலேயே ஓட நேர்ந்தது.

காற்று ஓயும் வேளையில்

அப்படியானால் வாயு நிலையமே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அதற்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. குளிர்ந்து கிடக்கும் நிலக்கரி அலகை முழுச் சுமைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். வாயு டர்பைன் மட்டும் என்றால் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடும்.

தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-ஆம் ஆண்டு அமைந்த காற்றாலைகள், நாட்டிலேயே முதன்முதலாக எழுந்த காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று. இன்று தமிழகத்தின் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அவை வாரி வழங்கும்; காற்று ஓய்ந்தால் கைவிரிக்கும். சூரியத் தகடுகள் மாலையில் ஓயும். அந்த வேளையில் சட்டென்று எழுந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும். வாயு டர்பைன் அந்த வேலையைச் செய்யும். மேட்டுக்கு நீரேற்றிச் சேமித்துவைக்கும் நீர்மின் நிலையங்களும் பெரிய மின்கலங்களும் அதே வேலைக்குப் போட்டியிடுகின்றன.

ஆகவே என் முடிவு இதுதான். எந்திரம் என்ற முறையில் வாயு நிலையம் நிலக்கரி நிலையத்தைவிட மேல். கடலுக்கும் அதனால் சூடு குறைவு. ஆனால் இறக்குமதி வாயுவை நம்பி இரவும் பகலும் ஓட்டுவதற்கு ஒரு பெரிய நிலையத்தைக் கட்டினால், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு நம் கட்டணத்தைத் தொலைதூரச் சந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம். காற்றும் வெயிலும் ஓயும் சில மணி நேரத்துக்கு மட்டும் என்றால், மின்கலத்தோடு விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். எங்கே கட்டினாலும், வெளியேறும் நீரின் வெப்பநிலையைக் குழாயின் வாயில் மட்டுமன்றிக் கடலுக்குள்ளும் அளந்து, அதை எல்லோரும் காணுமாறு வெளியிட வேண்டும்.

உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். எண்களைக் கொண்டு வந்த முடிவாக இருந்தால் போதும். நாளிதழின் ஒரு மூலையில், "ஆட்சேபணைகளும் யோசனைகளும் வரவேற்கப்படுகின்றன" என்று பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பைக் காணும்போது, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். வெப்ப வீதம் எவ்வளவு, மீதி வெப்பம் எங்கே போகும், எரிபொருள் விலை கூடினால் யார் தருவது என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சட்டப்படி அந்தத் தாளும் கோப்பில் சேர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கூட்டுச் சுழற்சி நிலையத்தின் வெப்ப வீதம் 1,720 கிலோ கலோரி. பத்து லட்சம் பி.டி.யு. வாயுவின் விலை 900 ரூபாய். நிலையத்தின் திறன் என்ன? ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு என்ன?

(விடை: நூற்றுக்கு 50, சுமார் 6 ரூபாய் 14 காசு.)